கடல் மீன் தொட்டியில் மணலைச் சுத்தமாக வைத்திருப்பது: தர்மபுரி, கிருஷ்ணகிரியில் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

கடல் மீன் தொட்டி புதிதாக வைத்தவர்கள் முதல் மாதத்தில் கேட்கும் கேள்வி அநேகமாக ஒன்றுதான்: "அண்ணா, மணல் பூரா பழுப்பாயிடுச்சு, என்ன மருந்து ஊத்தறது?" மருந்து எதுவும் வேண்டாம், இரண்டு மூன்று வாரம் பொறுங்கள் என்றால் முகம் வாடிவிடும். கடையில் யாராவது ஒரு பாட்டிலை எடுத்துக் கொடுத்துவிட்டால் நிம்மதியாகப் போவார்கள். அடுத்து வரும் தலைவலிகளுக்கெல்லாம் அந்தப் பாட்டில்தான் பிள்ளையார் சுழி.

மணலைச் சுத்தம் செய்வது என்றதும் பலருக்கு நினைவு வருவது அலசுவது. நன்னீர்த் தொட்டியில் கூழாங்கல்லை மொத்தமாக வாரி, குழாயடியில் அலசிப் பழகிய கை அது. ஓடிக்கொண்டிருக்கும் கடல் தொட்டியில் அப்படிச் செய்தால் மீன் தங்காது. அந்த மணலின் ஒவ்வொரு துகள் மேலும் பாக்டீரியா குடியிருக்கிறது. மீன் வெளியேற்றும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுவது அதுதான். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் மணலை அலசினால் அந்தக் கூட்டம் மொத்தமாகப் போய்விடும். மறுநாளே அம்மோனியா ஏறும்.

ஆகவே அழுக்கு மணலில் போய் உட்காராமல் தடுப்பதுதான் முக்கால்வாசி வேலை. மீதி கால்வாசி, உட்கார்ந்ததைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சி எடுப்பது. கீழே சொல்வதெல்லாம் 3 அடி நீளம், 1½ அடி அகலம், 1½ அடி உயரமுள்ள தொட்டிக்கான கணக்கு. விளிம்பு வரை நிரப்பினால் சுமார் 180 லிட்டர் பிடிக்கும். முதல் தொட்டிக்கு இதைவிடச் சிறியது வேண்டாம். தண்ணீர் குறையக் குறைய, சின்னத் தவறுக்கும் மணல் உடனே நிறம் மாறும்.

எந்த மணல்?

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் எந்தப் பக்கம் போனாலும் ஒரு கிரானைட் குவாரியோ கிரஷரோ கண்ணில் படும். எம்-சாண்ட் ஒரு மூட்டை சும்மாவே கிடைக்குமே என்று தோன்றுவது இயல்புதான். போடாதீர்கள். அது உடைத்த கருங்கல். துகளின் முனையெல்லாம் கூராக இருக்கும். மணலை வாயில் அள்ளித் துப்பும் மீனுக்கும், மணலுக்குள் புதையும் நத்தைக்கும் ஆகாது. உடைக்கும் இயந்திரத்தின் இரும்புத் துகளும் அதில் கலந்திருக்கும். ஒரு காந்தத்தைத் துணியில் சுற்றி உள்ளே விட்டுப் பாருங்கள், தெரியும். தென்பெண்ணை ஆற்று மணலும் வேண்டாம். அதில் களிமண் இருக்கும். எவ்வளவு அலசினாலும் தண்ணீர் கலங்கிக்கொண்டே இருக்கும். கடற்கரைக்குச் சுற்றுலா போனபோது பையில் அள்ளி வந்த மணல் இன்னும் மோசம். அதில் எண்ணெய், சாக்கடை என்று என்ன கலந்திருக்கிறது என்பதை வீட்டில் வைத்துச் சோதிக்க வழியில்லை.

வாங்க வேண்டியது அரகோனைட் மணல். பவளம், சிப்பி முதலியவற்றின் சுண்ணாம்புச் சத்தால் ஆனது. கடையில் கொடுப்பது அதுதானா, வெள்ளைச் சாயம் பூசிய கல்லா என்று பார்க்க எலுமிச்சம்பழம் போதும். ஒரு சிட்டிகை மணலைத் தட்டில் வைத்து நான்கு சொட்டு சாறு பிழிந்து, காதருகே கொண்டுபோங்கள். சுண்ணாம்பு மணல் என்றால் சின்னச் சின்னக் குமிழி கிளம்பி 'சொர்' என்ற சத்தம் கேட்கும். சும்மா நனைந்து கிடந்தால் அது சிலிக்கா. சிலிக்கா விஷமில்லைதான். ஆனால் அரகோனைட் விலை கொடுத்து அதை வாங்குவானேன்?

துகள் 1 முதல் 2 மில்லிமீட்டர் இருக்கட்டும். சர்க்கரையைவிட நைசான மணல் வேவ்மேக்கர் (தொட்டிக்குள் தண்ணீரைச் சுழற்றிவிடும் பம்ப்) போட்டதும் கிளம்பி ஒரு மூலையில் மேடு கட்டிவிடும். 3 மில்லிமீட்டருக்கு மேல் போனால் துகள்களுக்கு இடையில் தீனி இறங்கி அழுகும்.

ஆழம் 3 முதல் 4 சென்டிமீட்டர் போதும். 10 முதல் 15 சென்டிமீட்டர் வரை போட்டு, ஆக்ஸிஜன் எட்டாத அடி அடுக்கில் நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக மாற்றவிடும் முறை ஒன்று இருக்கிறது. நல்ல முறைதான், ஆனால் அதன் அடி அடுக்கைக் கலைக்கவே கூடாது. புதியவர்களுக்கு அது வேண்டாம். இரண்டுக்கும் நடுவில் 6, 7 சென்டிமீட்டர் போடுவதுதான் இருப்பதிலேயே வம்பு: சுத்தம் செய்யவும் தோதில்லை, நைட்ரேட்டைக் குறைக்கவும் உதவாது. நம் தொட்டிக்கு 4 சென்டிமீட்டர் ஆழத்துக்குச் சுமார் 25 கிலோ மணல் பிடிக்கும்.

போடுவதற்கு முன்

உலர்ந்த மணல் என்றால் அலசித்தான் போட வேண்டும். மேலே அலசக்கூடாது என்றது ஓடும் தொட்டியின் மணலைப் பற்றி. இது புதுசு, இதில் இன்னும் எதுவும் குடியேறவில்லை. பக்கெட்டில் மூன்று கிலோ, நான்கு கிலோவாகப் போட்டு, கையை விட்டுச் சுழற்றி, பால் மாதிரி வரும் தண்ணீரைக் கொட்டிக்கொண்டே இருங்கள். தண்ணீர் ஓரளவு தெளியும்வரை பத்துப் பன்னிரண்டு முறைகூட ஆகலாம். இதற்கு ஆர்.ஓ. மெஷினிலிருந்து வெளியேறும் கழிவுத் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். கோடையில் நல்ல தண்ணீரை இதற்குக் கொட்ட மனசு வராது. கடைசி அலசலுக்கு மட்டும் சுத்தமான ஆர்.ஓ. தண்ணீர். ஈரத்தோடு உறையில் அடைத்து 'லைவ் சாண்ட்' என்று விற்பதை அலசாமல் அப்படியே கொட்ட வேண்டும். அதிலுள்ள பாக்டீரியாவுக்குத்தான் கூடுதல் விலை.

தொட்டிக்குள் அடுக்கும் கல்லை முதலில் வையுங்கள், மணலை அப்புறம் கொட்டுங்கள். கல் கண்ணாடித் தரையில் நேராக உட்கார வேண்டும். மணல் மேல் கல்லை வைத்தால், பின்னால் ஒரு கோபி மீனோ பிஸ்டல் இறாலோ அடியில் வளை தோண்டும். கல் சரியும், கண்ணாடி போகும். கல் மணலில் படும் பரப்பு எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. மூன்று கால்களில் நிற்பதுபோல அடுக்கினால் அடியில் தண்ணீர் ஓடும், அழுக்கு ஒதுங்காது. முழுக் கல்லையும் பின்கண்ணாடியோடு ஒட்டி அடுக்கிவிட்டுப் பின்னால் சேரும் வண்டலுக்கு வழி தேடுபவர்கள்தான் அதிகம். பின்பக்கம் கை நுழையும் அளவுக்கு இடம் விடுங்கள்.

நம் ஊர்த் தண்ணீர்

நம் பக்கத்துத் தண்ணீர் என்றதும் எல்லோருக்கும் ஃபுளோரைடு நினைவு வரும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் வந்ததே அதற்காகத்தான். ஆனால் கடல்நீரிலேயே லிட்டருக்கு 1.3 மில்லிகிராம் அளவுக்கு ஃபுளோரைடு இயல்பாக இருக்கிறது. குடிநீருக்கு நம் நாட்டில் 1 மில்லிகிராம்தான் வரம்பு, வேறு வழியில்லாத இடத்தில் 1.5 வரை போகலாம். ஆக, மணலைப் பொறுத்தவரை ஃபுளோரைடைக் குறை சொல்ல முடியாது. மணலை நாசம் செய்வது நைட்ரேட், பாஸ்பேட், சிலிகேட் மூன்றும். பாறைக்குள்ளிருந்து வரும் போர் தண்ணீரில் சிலிகேட் இருக்கும். உரம் போடும் நிலத்துக்குப் பக்கத்து போர் என்றால் நைட்ரேட்டும் சேரும். குழாயில் வரும் ஒகேனக்கல் தண்ணீர் போர் தண்ணீரைவிட எவ்வளவோ மேல், ஆனால் அதில் குளோரின் உண்டு.

எந்தத் தண்ணீராக இருந்தாலும் ஆர்.ஓ. வழியாகவும், அப்புறம் மிச்ச உப்புகளைப் பிடிக்கும் டி.ஐ. ரெசின் வழியாகவும் போய், கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரில் 0 காட்ட வேண்டும். ரெசின் எதற்கு என்றால், சிலிகேட்டில் கொஞ்சம் ஆர்.ஓ. சவ்வைத் தாண்டி வந்துவிடும். சமையலறை ஆர்.ஓ.வில் பெரும்பாலும் டி.டி.எஸ். கண்ட்ரோலர் என்று ஒன்று இருக்கும். ருசிக்காகச் சுத்திகரிக்காத தண்ணீரைக் கொஞ்சம் கலந்துவிடுவது அதன் வேலை. அந்தத் தண்ணீர் குடிக்கத்தான் சரி. கேன் தண்ணீரும் அப்படியே. வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால் ரெசின் வழியாக ஒருமுறை விட்டுவிடுங்கள். போர் தண்ணீர் கடினமாக இருக்கும் வீடுகளில் ரெசின் சீக்கிரம் தீரும். மீட்டர் 0-விலிருந்து 1, 2 என்று ஏறத் தொடங்கும்போதே மாற்றிவிடுங்கள். மணலில் பழுப்பு ஏறிய பிறகு மாற்றினால் ஒரு மாத வேலை கூடும்.

உப்பைக் கலக்கும்போது கல்லுப்பு வேலைக்கு ஆகாது. கடல் உப்பில் சோடியமும் குளோரைடும் சுமார் 85 சதவீதம். மீதியில்தான் மெக்னீசியம், கால்சியம் எல்லாம் இருக்கிறது. கடல் தொட்டிக்கென்று விற்கும் உப்பை, டப்பாவில் போட்ட அளவுக்குக் கலந்து, ஒரு சின்ன பம்ப் போட்டு ஒரு நாள் ஓடவிட்டு, உப்பளவு பார்க்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் 35 வருகிறதா என்று பாருங்கள். அடர்த்தியாகப் பார்த்தால் 1.025 அல்லது 1.026.

அழுக்கை உட்காரவிடாத ஓட்டம்

மணல் மேல் வண்டல் படிகிறதா இல்லையா என்பதை முடிவு செய்வது வேவ்மேக்கர்தான். மீன் மட்டும் வைக்கும் தொட்டியில், தொட்டியின் கொள்ளளவைப்போல 10 முதல் 20 மடங்கு தண்ணீர் மணிக்குச் சுழல வேண்டும். நமக்கு 2000 முதல் 3500 லிட்டர். ஒரே பெரிய வேவ்மேக்கரைவிட இரண்டு சின்னது நல்லது. ஒன்றை இடது பக்கக் கண்ணாடியில், இன்னொன்றை வலது பக்கப் பின்மூலையில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்றுக் கீழே, மேற்பரப்பு நெளியும்படி வையுங்கள். மணலை நோக்கித் திருப்பாதீர்கள், குழி விழும்.

எங்கே ஓட்டம் இல்லை என்று கண்டுபிடிக்க, தீனி போடும் நேரத்தைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு சிட்டிகை தூள் தீனியைத் தண்ணீருக்கடியில் விரலால் நசுக்கி விடுங்கள். துகள் சுற்றிச் சுற்றிப் போய் எந்த மூலையில் நின்று கீழே இறங்குகிறதோ, அங்கேதான் அடுத்த மாதம் சிவப்புப் பாசி வரும். வேவ்மேக்கரை இரண்டு விரல்கடை திருப்பி மறுபடி பாருங்கள். ஒரு மாலை இதற்காக உட்காருவது வீண் இல்லை.

தீனி

மணலில் அழுகுவதெல்லாம் நீங்கள் மேலே போட்டதுதான். இரண்டு மூன்று நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு போதும். உறைந்த தீனிக் கட்டியை அப்படியே தூக்கிப் போடாமல், கரையவிட்டு, டீ வடிகட்டியில் ஆர்.ஓ. தண்ணீர் விட்டு அலசி, அந்தக் கலங்கல் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். வீட்டுக்கு வரும் குழந்தைகள் ஆசையாகக் கேட்பார்கள், "மாமா, நான் ஒரு தடவ போடட்டுமா?" என்று. போடட்டும், ஆனால் டப்பாவைக் கையில் கொடுக்காமல், உள்ளங்கையில் அளந்து கொடுங்கள்.

வாரம் ஒருமுறை உறிஞ்சுவது

இதற்கு வேண்டியது அகலக் கண்ணாடிக் குழாயோ பிளாஸ்டிக் குழாயோ பொருத்திய சைஃபன், அதாவது தண்ணீரைத் தானாக உறிஞ்சி வெளியே இறக்கும் ஓஸ். அகலக் குழாய் 4 முதல் 5 சென்டிமீட்டர் விட்டமும், அதோடு சேரும் ஓஸ் பைப் அரை அங்குலமும் இருந்தால் கைக்கு அடங்கும். 20 லிட்டர் பக்கெட் ஒன்று. முந்தின நாளே கலந்து வைத்த உப்புத் தண்ணீர் 20 லிட்டர். 180 லிட்டரில் இது பத்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம், வாரத்துக்கு இதுவே போதும்.

ஹீட்டர், வேவ்மேக்கர், ரிட்டர்ன் பம்ப் எல்லாவற்றின் ப்ளக்கையும் பிடுங்கிவிடுங்கள். உப்புத் தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். கை ஈரத்தோடு ஸ்விட்ச் பக்கம் போக வேண்டாம். கையில் வெட்டுக்காயம் இருந்தால் உறை போட்டுக்கொள்ளுங்கள். தொட்டித் தண்ணீரிலிருக்கும் ஒரு வகை பாக்டீரியா காயத்தின் வழியாக ஏறினால் மாதக்கணக்கில் ஆறாத புண் வரும்.

முன்கண்ணாடியை முதலில் துடையுங்கள். ஊசி இல்லாத பெரிய சிரிஞ்சில் தொட்டித் தண்ணீரை இழுத்துக் கல்லின் இடுக்குகளில் பீய்ச்சுங்கள். ஒரு புழுதி கிளம்பும். ஐந்து நிமிடம் விட்டால் அது மணல் மேல் வந்து உட்காரும். இப்போது சைஃபனைத் தொடங்கலாம். லாரி டேங்கில் வாய் வைத்து டீசல் உறிஞ்சிப் பழகியவர்கள் நம் பக்கம் நிறைய. இங்கே வாய் வைக்காதீர்கள். அகலக் குழாயைத் தண்ணீருக்குள் முழுக்க முக்கி நிரப்பி, வாயைச் சற்றே மேல்நோக்கிச் சாய்த்து வெளியே தூக்கி, மறுபடி முக்கினால் தானாக ஓடத் தொடங்கும். கையால் அமுக்கும் ரப்பர் குமிழ் வைத்த சைஃபனும் கிடைக்கிறது.

குழாயை நேராக மணலுக்குள் இறக்குங்கள், அடிக் கண்ணாடி தட்டும்வரை. மணல் குழாய்க்குள் கொதிப்பதுபோல் எழும்பிச் சுழலும். கனமான மணல் கீழேயே புரள, பழுப்பு வண்டல் மட்டும் பிரிந்து மேலே போய் ஓஸில் இறங்கும். மணல் குழாயின் முக்கால் உயரத்துக்கு வந்ததும் ஓஸை விரலால் மடக்கிப் பிடியுங்கள். மணல் அப்படியே கீழே விழும். குழாயை வெளியே எடுத்து, ஒரு குழாய் அகலம் தள்ளி அடுத்த இடத்தில் இறக்குங்கள். ஓஸ் பிடித்த கையில்தான் வித்தை எல்லாம். இரண்டு வாரம் மணலும் சேர்ந்து பக்கெட்டுக்குப் போகும், அப்புறம் கை தானாகப் பழகிவிடும்.

ஒரு வாரத்தில் மணலின் கால் பங்கைத் தாண்டாதீர்கள். இந்த வாரம் இடது முன்பக்கம் என்றால் அடுத்த வாரம் வலது முன்பக்கம், இப்படிச் சுற்றி வாருங்கள். பக்கெட் நிறையும்போது கால் பங்கு முடிந்திருக்கும், அதனால் அளவு மீற வாய்ப்பும் குறைவு. கல்லுக்கு அடியில் தோண்ட வேண்டாம். பக்கெட்டுக்குள் வந்து சேர்ந்த மணலை அந்தப் பக்கெட்டில் இருக்கும் உப்புத் தண்ணீரிலேயே அலசித் திரும்பப் போடலாம். குழாயடிக்குக் கொண்டுபோகக் கூடாது.

புதுத் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். மணல் மேல் ஒரு தட்டை வைத்து அதன் மேல் ஊற்றினால் குழி விழாது. எல்லாவற்றையும் ஆன் செய்தபின் ஒரு மணி நேரம் லேசாகக் கலங்கலாக இருக்கும். சம்ப்பில் (தொட்டிக்குக் கீழே வைக்கும் வடிகட்டித் தொட்டி) 200 மைக்ரான் ஃபில்டர் சாக் என்ற வடிகட்டிப் பை போட்டிருந்தால் அதுவே பிடித்துக்கொள்ளும். பிடித்ததை இரண்டு நாளுக்குள் எடுத்துத் துவைத்துவிடுங்கள். அங்கேயே விட்டால் அழுக்கு அங்கே அழுகுமே தவிர, தொட்டியை விட்டுப் போனதாக ஆகாது.

மணலின் நிறம் பார்த்துச் சொல்வது

புதுத் தொட்டியில் இரண்டாவது மூன்றாவது வாரம் மணல் மேல் தூள் தூவியதுபோல் பழுப்பு ஏறும். விரலால் தொட்டால் புழுதியாகப் பறக்கும். இது டயட்டம். சிலிகேட்டைத் தின்று வளர்வது. அது தீர்ந்ததும் தானாகப் போய்விடும். உறிஞ்சிக்கொண்டே இருங்கள், தண்ணீரில் டி.டி.எஸ். 0 தானா என்று மட்டும் பாருங்கள். நாலைந்து மாதம் ஆகியும் போகவில்லை என்றால் ரெசின் தீர்ந்திருக்கிறது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

கருஞ்சிவப்பாகவோ மெரூன் நிறத்திலோ ஏடாகப் படிந்து, ஓரத்தைப் பிடித்தால் துண்டாகக் கிழிந்து வந்தால் அது சயனோபாக்டீரியா. பாசி என்று சொன்னாலும் பாக்டீரியா இனம். ஓட்டம் இல்லாத இடத்தில்தான் முதலில் வரும். சைஃபனால் ஏட்டை முழுதாக உறிஞ்சி எடுத்துவிட்டு, வேவ்மேக்கரைத் திருப்பி, தீனியைக் குறையுங்கள். மூன்று நாள் விளக்கை அணைத்து வைப்பதும் உதவும். மருந்துக் கடையில் எரித்ரோமைசின் மாத்திரை வாங்கிக் கரைத்து ஊற்றச் சொல்லும் யோசனை அடிக்கடி காதில் விழும். அது ஆன்டிபயாடிக், கெட்ட பாக்டீரியா, நல்ல பாக்டீரியா என்று பார்த்துக் கொல்லாது. அந்த வழிக்குப் போக வேண்டாம்.

மூன்றாவது வகையிடம்தான் ஜாக்கிரதை வேண்டும். பழுப்பாக, சளி மாதிரி இழை இழையாக, நுனியில் காற்றுக் குமிழியோடு நிற்கும். காலையில் மணல் கிட்டத்தட்ட வெள்ளையாக இருக்கும், விளக்கு எரிய எரியக் கூடிக்கொண்டே வரும். இது டைனோஃபிளாஜெல்லேட். பலர் இதை டயட்டம் என்று நினைத்துத் தண்ணீர் மாற்றி மாற்றி, தீனியைக் குறைத்துக் குறைத்து வளர்த்துவிடுவார்கள். ஏனென்றால் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் சுத்தமாக இல்லாத தொட்டியில்தான் இது தலையெடுக்கும். சந்தேகம் வந்தால் கொஞ்சம் சளியைத் தொட்டித் தண்ணீரோடு ஒரு சின்னக் கண்ணாடிப் பாட்டிலில் எடுத்து, நன்றாகக் குலுக்கி, டிஷ்யூ பேப்பரில் வடிகட்டி, வடிந்த தண்ணீரை விளக்கடியில் ஒரு மணி நேரம் வையுங்கள். தெளிந்த தண்ணீரில் மறுபடி இழை கட்டினால் அதுதான். இதில் சில வகை விஷம் உள்ளது, தின்ற நத்தை சாகும். இதற்கு வைத்தியம் தலைகீழ்: தண்ணீர் மாற்றுவதை நிறுத்தி, லிட்டருக்கு நைட்ரேட் 5 முதல் 10 மில்லிகிராம், பாஸ்பேட் 0.05 முதல் 0.1 மில்லிகிராம் வரை ஏறவிட வேண்டும். டெஸ்ட் கிட் இல்லாமல் இதைச் செய்ய முடியாது. மணலைச் சுத்தமாக வைக்க நினைப்பவர் நைட்ரேட், பாஸ்பேட் கிட் இரண்டையும் மணலோடு சேர்த்தே வாங்கிவிடுவது நல்லது.

பச்சைப் பாசி பெரிய விஷயம் இல்லை. தீனி அதிகம் அல்லது விளக்கு அதிகம். பக்கவாட்டுக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் மணலுக்குள் பச்சை, ஊதா, கறுப்புக் கோடுகள் தெரியும். கண்ணாடியை ஒட்டி வெளிச்சம் படுவதால் வருவது, விட்டுவிடுங்கள். கறுப்புத் திட்டு பெரிதாகி, அங்கே குழாயை விட்டதும் அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் மட்டும் உஷார். அது ஹைட்ரஜன் சல்ஃபைடு. கிளறாமல், ஒரு நேரத்தில் உள்ளங்கை அளவு இடத்தை மட்டும் உறிஞ்சி எடுங்கள்.

மணலில் வேலை செய்யும் ஆட்கள்

நத்தை, நண்டு வைத்தால் சுத்தம் செய்ய வேண்டாம் என்று விற்பவர்கள் சொல்வார்கள். அவையும் தின்றால் கழிக்கும். மிச்சத் தீனியைச் சின்னதாக்கித் தருவதுதான் அவற்றின் உதவி. வெளியே எடுப்பது உங்கள் சைஃபன்தான்.

நான் முதலில் வாங்கச் சொல்வது நசாரியஸ் நத்தை. எட்டுப் பத்து போதும். பகலில் மணலுக்குள் புதைந்து, மூக்குக் குழலை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு கிடக்கும். ஒரு துண்டு இறாலைப் போட்டுப் பாருங்கள்: அரை நிமிடத்தில் மணல் அங்கங்கே பொங்கும், ஒவ்வொன்றாகக் கிளம்பி வாசனையை நோக்கி விரையும். இப்படிப் போய் வரும்போதே மேல் மணல் கிளறப்பட்டுவிடும். இதோடு செரித் நத்தை ஒரு பத்து. அது மணல் மேல் படியும் பாசியை மேயும். பெங்களூரிலிருந்தோ சென்னை கொளத்தூரிலிருந்தோ வரும் நத்தை பைக்குள் பல மணி நேரம் இருந்திருக்கும். உப்பளவு சட்டென்று மாறினால் தாங்காது. பைத் தண்ணீரில் உங்கள் தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக ஒரு மணி நேரம் கலந்த பிறகே உள்ளே விடுங்கள்.

மணலை வாயில் அள்ளிச் செவுள் வழியாகக் கொட்டும் டயமண்ட் கோபி பார்க்க அழகு, மணலும் பளிச்சென்று ஆகும். ஆனால் அது மணலில் வாழும் நுண்ணுயிரைத் தின்று பிழைப்பது. புதுத் தொட்டியில் சில வாரத்தில் எல்லாவற்றையும் தின்று முடித்து மெலிந்து சாகும். 200 லிட்டருக்கு மேற்பட்ட, ஒரு வருடமாவது ஓடிய தொட்டிக்குத்தான் சரி. மேலே வலை மூடியும் வேண்டும், குதித்துவிடும். மணல் கிளறும் நட்சத்திர மீனின் கதையும் இதேதான், வாங்காதீர்கள்.

கடல் அட்டை மணலைத் தின்று சுத்தம் செய்யும் என்று படித்துவிட்டு ராமேஸ்வரம் பக்கம் யாரிடமாவது கேட்க நினைப்பவர்களுக்கு: நம் நாட்டில் 2001 முதல் கடல் அட்டை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் இருக்கிறது. பிடிப்பது, வைத்திருப்பது இரண்டுமே குற்றம். கடல் குதிரையும், கடலிலிருந்து பெயர்த்த பவளப் பாறையும் அப்படித்தான். கல்லுக்கு, செயற்கையாகச் செய்த உலர் கல் தாராளமாகக் கிடைக்கிறது.

கோடையும் கரண்ட் கட்டும்

தர்மபுரியில் ஏப்ரல், மே மாதம் அறைக்குள் வைத்த தொட்டியே 30 டிகிரி தாண்டும். வேண்டியது 24 முதல் 26. சூடு ஏற ஏறத் தண்ணீரில் ஆக்ஸிஜன் குறையும், மணலில் அழுகுவது வேகமாகும். மேற்பரப்பின் மேல் ஒரு சின்ன ஃபேனை வீசவிட்டால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். அதற்கு விலையாகத் தண்ணீர் ஆவியாகும்; குறைந்த அளவுக்கு உப்பில்லாத ஆர்.ஓ. தண்ணீரை விடுங்கள். உப்பு ஆவியாகாது, உள்ளேயே இருக்கும். ஓசூர்க்காரர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு, மார்கழியில் ஹீட்டர் பார்த்துக்கொண்டால் போதும்.

கரண்ட் போனால் மணலிலுள்ள பாக்டீரியாவும் மீனும் ஒரே ஆக்ஸிஜனுக்குப் போட்டி போடும். வீட்டு இன்வெர்ட்டரில் ஒரு வேவ்மேக்கரை மட்டும் சேர்த்துவிடுங்கள்; சின்னது பத்துப் பதினைந்து வாட்தான் இழுக்கும். பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்றும் அலமாரியில் இருக்கட்டும். மின்தடை அறிவித்த நாளில் மணலை உறிஞ்சும் வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள்.

உறிஞ்சி எடுத்த தண்ணீர்

நன்னீர்த் தொட்டித் தண்ணீரைச் செடிக்கு ஊற்றிப் பழகியிருப்பீர்கள். இது லிட்டருக்கு 35 கிராம் உப்புள்ள தண்ணீர். மாமரத்தடியில் வாரா வாரம் 20 லிட்டர் ஊற்றினால் மரத்துக்கு வருடத்தில் 36 கிலோ உப்பு வைத்த கணக்கு. குளியலறைச் சாக்கடையில் ஊற்றி, பின்னாலேயே ஒரு பக்கெட் சாதாரணத் தண்ணீர் விடுங்கள். கிணற்றடி, ஏரிக்கரை, ஆட்டுத்தொட்டிப் பக்கமும் வேண்டாம். காலியான பக்கெட்டையும் சைஃபனையும் சோப்புப் போடாமல் வெறும் தண்ணீரில் அலசிக் கவிழ்த்து வையுங்கள். வீட்டில் உள்ளவர்கள் துணி ஊற வைக்க எடுக்காதபடி பக்கெட்டில் பெயின்ட்டால் பெரிதாக 'மீன்' என்று எழுதிவிடுங்கள்.